மூன்றாம் முறையும் திரும்பி வந்த பௌத்திரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்குத் தமிழகத்தில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் 41 வயது ஆண் ஒருவருக்கு நேர்ந்தது இது. ஊரும் அடையாளம் காட்டும் மற்ற விவரங்களும் விடப்பட்டுள்ளன. அவரைக் கடைசியாகப் பார்த்த அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். பௌத்திரம் திரும்ப வருவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இவருக்கு அது ஏன் திரும்பியது என்ற கேள்விக்கு விடை ஆசனவாயில் இல்லை, நெஞ்சில் இருந்தது. அங்கே தேட ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

பின்னணி

ஆசனவாய்க்கு இடப்பக்கம் பிட்டத்தில் ஒரு கட்டி. அவர் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கேட்டபோது சூட்டுக்கட்டி என்றார். விளக்கெண்ணெய் தடவினார், வெங்காயத்தை வதக்கிப் பத்துப் போட்டார். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து உட்காரவே முடியாமல் போனபின் ஒரு மருத்துவரிடம் சென்றார். மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைக் கீறி, சீழை வெளியேற்றினார்கள். அன்றிரவே வலி தீர்ந்தது. மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் சிறு துளை விழுந்து நீர் கசியத் தொடங்கியது.

இதுவரை நடந்ததில் அசாதாரணமாக எதுவும் இல்லை. ஆசனவாய்க் குழாய் நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்குவது. அதன் நடுவில், உட்சவ்வும் தோலும் சந்திக்கும் கோட்டை ஒட்டிச் சிறிய சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஒன்று அடைபட்டுச் சீழ் பிடித்தால், சீழ் தசைகளுக்கு நடுவே வழி தேடிக்கொண்டு வெளித்தோல்வரை வரும். வெளியே தெரிவது கட்டி. கட்டி உடைந்த பிறகும் உள்வாயும் வெளிவாயும் மூடாமல் நடுவில் ஒரு பாதை நின்றுவிட்டால் அதுவே பௌத்திரம். சீழ்க்கட்டி கீறப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர்வரை பௌத்திரம் வருகிறது. ஆகவே முதல் மருத்துவர் செய்ததில் குறை காண இடமில்லை.

அடுத்து ஒரு தனியார் மருத்துவமனையில் பாதையைத் திறந்துவிட்டு ஆறவைக்கும் அறுவை நடந்தது. புண் முழுதாக ஆறவில்லை. ஏழு மாதத்தில் சற்றுத் தள்ளி இன்னொரு துளை. வேறொரு மருத்துவமனையில் இரண்டாம் அறுவை. இம்முறை வெட்டு ஆழமாகப் போயிருந்தது. இடையிடையே கசிவு கூடியபோதெல்லாம் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி ஓஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும் ஐந்து நாளும் கசிவு குறையும், பிறகு பழையபடி ஆகும்.

இதற்குள் அவருடைய உடலில் வேறு சில மாற்றங்களும் நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. இருமினார், தறிக்கூடத்தின் பஞ்சுத் துகளும் பீடியும் காரணமாகச் சொல்லப்பட்டன. மாலையில் உடம்பு சுட்டது. சீழ் இருந்தால் காய்ச்சல் இருக்கத்தானே செய்யும் என்றார்கள். எடை குறைந்தது, சூடு என்று கோழியையும் முட்டையையும் கத்தரிக்காயையும் விட்டுப் பத்தியம் இருந்தவர் இளைக்காமல் எப்படி இருப்பார்? தனித்தனியே கேட்டால் எல்லாமே நியாயமான காரணங்கள். மூன்றையும் ஒரே ஆளின் மேல் வைத்து யாரும் பார்க்கவில்லை.

எங்களிடம் வந்தபோது

புறநோயாளிப் பிரிவில் கட்டிலில் ஏறும் முன் இடுப்பிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து, நாங்கள் பார்க்காதபடி மஞ்சள் பைக்குள் வைத்தார். தறிக்கூடத்தில் எண்ணெய் துடைக்கக் கிடக்கும் வேஸ்ட் துணி அது. ஒரு ஷிப்டுக்கு மூன்று முறை மாற்ற வேண்டியிருந்ததாம். உடன் வேலை செய்பவர்களுக்கு வாடை தெரிந்துவிடுமோ என்று சாப்பாட்டு நேரத்தில் தனியே போய் உட்கார்ந்திருக்கிறார்.

இடப்பக்கம் பின்புறமாக இரண்டு வெளிவாய்கள். அவற்றின் ஓரத்தோல் நீலம் பாரித்து, அடித்திசுவோடு ஒட்டாமல் தளர்ந்திருந்தது. வந்த கசிவு கெட்டியான மஞ்சள் சீழாக இல்லாமல் நீர்த்து இருந்தது. இரு தொடையிடுக்கிலும் பட்டாணி அளவில் வலியில்லாத நெறிக்கட்டிகள். விரல் பரிசோதனையில் பின்பக்க நடுக்கோட்டில் உள்வாய் ஒரு சிறு குழியாகத் தட்டுப்பட்டது. ஆசனவாயின் பின்பாதியில் வெளிவாய் இருந்தால் பாதை வளைந்து நடுக்கோட்டில்தான் திறக்கும் என்று குட்சால் விதி சொல்லும்; இங்கு அது பொருந்தியது. தசையின் இறுக்கம் இயல்பைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. கேட்டபோது, இரண்டாம் அறுவைக்குப் பிறகு வாயுவை அடக்க முடிவதில்லை என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

உயரம் 164 செ.மீ., எடை 47 கிலோ. முதல் மருத்துவமனையின் சீட்டில் எடை 55 கிலோ என்று இருந்தது. சர்க்கரை இயல்பு, எச்.ஐ.வி. இல்லை, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தச் சிவப்பணுப் படிவு வேகம் மிக அதிகம்.

அவர் கொண்டுவந்த தாள்களில் நான் முக்கியமாகத் தேடியது திசுப் பரிசோதனை முடிவை. இரண்டு அறுவைகள் நடந்திருந்தும் ஒரு முடிவுகூட இல்லை. வெட்டியெடுத்த திசு ஆய்வகத்துக்குப் போனதாகவே குறிப்பு இல்லை.

என்ன நினைத்தோம், ஏன் அப்படி முடிவெடுத்தோம்

பௌத்திரம் திரும்ப வருவதற்கு மிகப் பொதுவான காரணம், உள்வாயையோ கிளைப்பாதையையோ முந்தைய அறுவையில் தவறவிடுவது. இவருக்கும் அது நடந்திருக்கலாம். ஆனால் நீர்த்த கசிவு, தளர்ந்த நீல ஓரம், நெறிக்கட்டி, எட்டுக் கிலோ எடையிழப்பு ஆகியவை சேர்ந்து வரும்போது மேலும் மூன்றை யோசித்தாக வேண்டும்: காசநோய், குரோன் எனப்படும் குடல் அழற்சி நோய், புற்றுநோய். நம் நாட்டில் காசநோயை முதலில் வைப்பதே முறை.

அதனால் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எழுதினோம். அவருக்குக் கோபம் வந்தது. "கீழே இருக்கிற புண்ணுக்கு நெஞ்சை எதற்கு டாக்டர் படம் பிடிக்கிறீர்கள்? ஒரு நாள் கூலி போகிறது" என்றார். கேட்பதில் நியாயம் இருந்தது. நுரையீரலில் காசநோய் உள்ளவர் தன் சளியைத் தெரியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கிறார், கிருமி குடல்வழியே கீழே இறங்கலாம், இரத்தத்தில் கலந்தும் வரலாம் என்று விளக்கினோம். இருமல் எத்தனை நாளாக என்று கேட்டபோதுதான், ஐந்தாறு மாதமாக இருக்கும் என்றார்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிந்தது. சளியில் சிபிநாட் மரபணுப் பரிசோதனை காசநோய்க் கிருமியை உறுதிசெய்தது. முக்கியமான காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்புத்தன்மை இல்லை. இந்தச் செய்தி எங்களுக்கு நிம்மதி தந்தது. ஆனால் ஒரு கவலை மீதி இருந்தது. அவர் வாங்கிச் சாப்பிட்ட ஓஃப்லாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியவை. நோயை மறைத்துவைத்து, கண்டுபிடிப்பைத் தள்ளிப்போட்டு, அந்த வகை மருந்துகளுக்கே எதிர்ப்புத்தன்மை வளரவும் அவை வழிசெய்யும். அந்த வகை எதிர்ப்பை அறியத் தனியே மாதிரி அனுப்பினோம்; நல்லவேளையாக அதுவும் இல்லை.

நுரையீரலில் நோய் உறுதியான பின் பௌத்திரத்துக்குத் தனியே திசு எடுக்க வேண்டுமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. மருந்தைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. இரண்டு காரணங்களால் அதை நாங்கள் ஏற்கவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், வெளித்தசையின் நடுப்பகுதியைக் குறுக்காகத் துளைத்துச் செல்லும் பாதையோடு, இடப்பக்கக் கொழுப்பிடத்தில் வடியாத சீழ்த்தேக்கம் ஒன்றும் இருந்தது. தேங்கிய சீழை மாத்திரை வடிக்காது. அடுத்து, நுரையீரலில் காசநோய் இருப்பதனால் ஆசனவாயில் இருப்பதும் அதுதான் என்று ஆகிவிடாது. நாள்பட்ட பௌத்திரத்தில் அரிதாகப் புற்றுநோயும் தோன்றுவதுண்டு.

அறுவை அரங்கில்

எதை வெட்டக் கூடாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு உள்ளே போனோம். மலத்தை அடக்கிவைப்பது இரண்டு வளையத் தசைகள். உள்வளையம் நம் விருப்பத்தைக் கேட்காமல் எப்போதும் இறுகியிருக்கும். வெளிவளையம் நம் கட்டுப்பாட்டில் உள்ளது. பௌத்திரப் பாதை இவற்றை எப்படிக் கடக்கிறது என்பதை வைத்து லண்டன் அறுவை மருத்துவர் பார்க்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1976-இல் வகுத்த நான்கு வகைகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் மட்டும் ஓடும் பாதையைப் பெரும்பாலும் தைரியமாகத் திறந்துவிடலாம். இவருடையது வெளிவளையத்தைத் துளைத்தது. ஏற்கெனவே ஒருமுறை தசை வெட்டுப்பட்டு வாயு கசியும் மனிதருக்கு அதே தசையில் இன்னொரு வெட்டு என்றால், மலம் கசியும் நிலைக்கு அவரைத் தள்ளுவதாகிவிடும்.

முதுகில் மயக்க ஊசி. வெளிவாய் வழியே ஹைட்ரஜன் பெராக்சைடு செலுத்தியதும் பின்புற நடுக்கோட்டில், கடிகார முகப்பின் ஆறு மணி நிலையில், நுரை எழுந்து உள்வாயைக் காட்டியது. சீழ்த்தேக்கத்தை வடித்தோம். பாதையைச் சுரண்டியபோது கரண்டியில் வந்தது வழக்கமான சிவந்த சதை அல்ல. திரிந்த பாலின் கட்டிபோலச் சாம்பல் வெண்மையாக உதிர்ந்தது.

அந்தத் திசுவை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பகுதி ஃபார்மலின் புட்டியில் நோய்க்கூறியல் ஆய்வகத்துக்கு. மற்றொன்று உப்புக் கரைசலில், சிபிநாட் பரிசோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும். இது சிறிய விஷயம்போலத் தெரியும். ஆனால் வழக்கப்படி எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதை வளர்க்க முடியாது. கத்தியைக் கீழே வைப்பதற்கு முன் செவிலியர் இரண்டு புட்டிகளிலும் பெயரொட்டி ஒட்டி எங்களிடம் வாசித்துக் காட்டினார்.

கடைசியாக, பாதைவழியே மென்மையான சிலிக்கான் நூலை நுழைத்து வெளியே தளர்வாக முடிந்தோம். இது எதையும் அறுக்காது; வாய் மூடிச் சீழ் மறுபடி தேங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

காரநூல் (மருந்து தடவிய, பாதையை மெல்ல அறுக்கும் நூல்) கட்டினால் தீருமாமே என்று அவர் முன்பே கேட்டிருந்தார். அது நம்மூரில் நன்கு அறியப்பட்ட முறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்தி 1991-இல் வெளிவந்த ஆய்வில், காரநூலில் புண் ஆற அதிக நாள் பிடித்தாலும் நோய் திரும்புவது அறுவையைவிடக் குறைவாக இருந்தது. அந்த முறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் காசநோய் உயிரோடு இருக்கும் திசுவை நூலால் அறுத்தாலும் கத்தியால் அறுத்தாலும் புண் ஆறாது. முதலில் மருந்து வேலை செய்யட்டும் என்று சொன்னோம்.

திசுவின் சிபிநாட் முடிவும் காசநோய் என்றே வந்தது. எட்டாம் நாள் வந்த நோய்க்கூறியல் முடிவில், நடுவில் சிதைந்த திசுவோடு காசநோயில் வழக்கமாகக் காணப்படும் அழற்சி முடிச்சுகளும், பல உட்கருக்கள் கொண்ட லாங்கான்ஸ் பேரணுக்களும் இருந்தன. புற்றுநோய் இல்லை.

மருந்தும் வீடும் வேலையும்

தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் பதிவுசெய்து ஆறு மாத சிகிச்சை தொடங்கியது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். எல்லாம் சேர்ந்த கூட்டு மாத்திரை; அவர் எடைக்கு நாளொன்றுக்கு மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியனுப்பினோம். பலர் அதை இரத்தம் என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

வீட்டில் அதைவிடப் பெரிய பயம் இருந்தது. அவருடைய தாயார் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்துவைத்துவிட்டார். மகனை எங்காவது காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா, பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடு என்று கேட்டார். இந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே பதில் கிடைத்திருக்கிறது. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. வீட்டாருக்கு நோய் தொற்றும் ஆபத்து அதனால் கூடவில்லை. 1959-இல் தொடங்கி வெளியான அந்த முடிவுகள் உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை மாற்றின. அதைத் தாயாரிடம் நேரில் சொன்னோம். காசநோய் காற்றில் பரவுவது, தட்டில் அல்ல. ஜன்னலைத் திறந்துவையுங்கள், முதல் சில வாரம் இருமும்போது வாயை மூடட்டும் என்றோம். தட்டு மறுபடி அடுக்கில் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

வேலையைப் பற்றியது அதைவிடச் சிக்கல். தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். நோயைச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள், பணத்தை உடனே திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்தார். ஆனால் மூடிய கூடத்தில் கூடவே வேலை செய்தவர்களைப் பரிசோதிக்காமல் விடுவதும் சரியல்ல. யாருடைய பெயரையும் சொல்லாமல், அந்தப் பகுதியின் தறிக்கூடங்கள் பலவற்றில் பொதுவான நெஞ்சு எக்ஸ்ரே முகாம் நடத்துவதென்று காசநோய்ப் பிரிவினர் முடிவுசெய்தார்கள். சில வாரம் தாமதமாகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. முகாமில் இன்னொரு தொழிலாளிக்கு நோய் இருப்பது தெரிந்து அவருக்கும் சிகிச்சை தொடங்கியது.

மூன்றாம் வாரம் எங்கள் நோயாளிக்குக் குமட்டல். நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். சுகாதாரப் பார்வையாளர் வீட்டுக்கே போனதால் விஷயம் வெளியே வந்தது. கல்லீரல் பரிசோதனையில் லேசான ஏற்றம்தான். மருந்தை நிறுத்தும் அளவுக்கு இல்லை. சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை என்று மாற்றியதும் தாங்கிக்கொண்டார். அதே வருகையில் இன்னொன்றும் தெரிந்தது. தினமும் பேசினில் வெந்நீர் வைத்து உட்காரச் சொல்லியிருந்தோம். அவர் அதில் இரண்டு மூடி கிருமிநாசினி ஊற்றியிருந்தார். தோல் வெந்து உரிந்திருந்தது. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும், வேறு எதுவும் வேண்டாம். எழுதிக் கொடுக்கும் சீட்டிலேயே இது இருக்க வேண்டும்.

காசநோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை அவர் கணக்குக்கு வந்துசேரத் தாமதமானது. வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்ததே காரணம். முட்டையையும் கோழியையும் மறுபடி சாப்பிட வைக்க நாங்கள் பேசிய பேச்சு, மருந்தைப் பற்றிப் பேசியதைவிட அதிகம். சூட்டினால்தான் கட்டி வருகிறது என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதி.

என்ன ஆனது

இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை. துணி வைக்க வேண்டிய தேவை நாளுக்கு ஒருமுறையாகக் குறைந்தது. நான்காம் மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் சீழ்த்தேக்கம் மறைந்திருந்தது, கிளைப்பாதை சுருங்கியிருந்தது. நூலை எடுத்தோம். தசையைக் காத்துச் செய்யும் இன்னொரு அறுவை தேவைப்படலாம் என்று சொல்லிவைத்திருந்தோம். தேவைப்படவில்லை. ஆறாம் மாதம் இரண்டு வெளிவாய்களும் வடுவாக மூடியிருந்தன. எடை 53 கிலோ. மருந்து முடிந்து ஓராண்டுக்குப் பின் பார்த்தபோதும் கசிவு இல்லை.

மனைவிக்கும் தாயாருக்கும் நோய் இல்லை. வீட்டில் எல்லோருக்கும், இரண்டு குழந்தைகள் உட்பட, தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது.

வாயுவை அடக்குவதில் உள்ள சிரமம் போகவில்லை. ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் ஓரளவு குறைந்திருக்கிறது. அது நோயால் வந்ததல்ல, காரணம் தெரியாமல் செய்த அறுவையால் வந்தது; வாழ்நாள் முழுதும் இருக்கலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

எதை மாற்றினோம், எது இன்னும் மாறவில்லை

எங்கள் பிரிவில் பௌத்திர அறுவை என்றால் ஃபார்மலின் புட்டியும் உப்புக் கரைசல் புட்டியும் அரங்கில் தயாராக இருந்த பிறகே தொடங்குகிறோம். முதல்முறை வரும் எளிய பௌத்திரத்துக்கும் இது வேண்டுமா என்று ஆய்வகத்தில் கேட்கிறார்கள். பெரும்பாலான முடிவுகள் சாதாரண அழற்சி என்றுதான் வரும், வேலைச்சுமை வீணாகக் கூடும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. பெரும்பாலான பௌத்திரங்கள் காசநோய் அல்ல. முதல்முறை வருபவர்களுக்குக் குறைந்தது ஃபார்மலின் புட்டியாவது போக வேண்டும் என்பது என் நிலை. இரண்டாம் முறை வருபவருக்கு இரண்டு புட்டிகளும் போகாமல் இருக்க எந்தக் காரணமும் இருக்க முடியாது.

ஆசனவாய் நோய் என்று வருபவர்களிடம் இருமல், மாலைக் காய்ச்சல், எடை, வீட்டில் காசநோய் ஆகிய நான்கையும் கேட்டுப் புறநோயாளிச் சீட்டில் எழுதுகிறோம். எடைக்கருவி அதே அறையில் வைக்கப்பட்டுள்ளது. திரும்பி வரும் பௌத்திரத்துக்குக் காரணம் தெரியாமல் ஓஃப்லாக்சசின் வகை மருந்துகளை எழுதுவதை நிறுத்திவிட்டோம். ஆனால் மருந்துக்கடையில் பழைய சீட்டுக்கு அவை கிடைப்பதை எங்களால் நிறுத்த முடியவில்லை.

முந்தைய அறுவைகளில் எவ்வளவு தசை வெட்டப்பட்டது என்பது அவர் கொண்டுவந்த எந்தத் தாளிலும் இல்லை. இப்போது எங்களிடமிருந்து போகும் ஒவ்வொரு சீட்டிலும் பாதை எந்தத் தசையைக் கடந்தது, எவ்வளவு வெட்டப்பட்டது, திசு எங்கே அனுப்பப்பட்டது, முடிவு என்ன என்ற நான்கு வரிகள் இருக்கின்றன. முடிவு வராத நிலையில் வீட்டுக்குப் போகிறவரின் சீட்டில் அந்த வரியைக் காலியாக விட்டு, முடிவை வாங்க வரவேண்டிய தேதியைச் சிவப்பு மையில் எழுதுகிறோம்.